எட்டாம் நாள் விலா எலும்பு

விநாசித்தம்பி இறந்த எட்டாம் நாள், மலாய் நாட்டு டத்தோ கிராமாட்டிலிருந்த அவர் வீட்டு அடுப்படிக்கு ஒரு கிலோ பன்றி விலா எலும்பு வந்து சேர்ந்தது. எண்பத்து நாலாம் வருடம். யாழ்ப்பாணத்து வழக்கப்படி அன்றைக்கு எட்டுச் செலவு. செத்தவருக்கு எதெல்லாம் பிடிக்குமோ அதையெல்லாம் சமைத்துப் படத்துக்கு முன்னால் படைத்து, நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிடுவார்கள். ஆட்டுக்கறி, நண்டு, பொரித்த மீன், அரைப் போத்தல் பிராந்தி என்று எதற்கும் உறவுக்காரர்கள் முகம் சுளிக்கவில்லை. பன்றி என்றதும்தான் அவர்களுக்குச் சைவம் நினைவுக்கு வந்தது.

எல்லாரையும்விட அதிகமாக நினைவுக்கு வந்தது செத்தவரின் தம்பி அப்புத்துரைக்கு. ஓய்வுபெற்ற ஆசிரியர், இருபத்திரண்டு வருடமாகக் கோயில் கமிட்டியின் காரியதரிசி. முப்பத்தோராம் நாள் வெளியிடும் 'கல்வெட்டு' என்ற நினைவுப் புத்தகத்துக்கு அண்ணன்மீது வெண்பா எழுதிக்கொண்டிருந்தார். 'ஊனுண்ணா உத்தமர்' என்பதுவரை வந்திருந்தது. உள்ளே நண்டு வெந்துகொண்டிருந்தது வெண்பாவைத் தொந்தரவு செய்யவில்லை.

"அண்ணி, ஊர் என்ன சொல்லும்? அண்ணன் அதை மோந்துகூடப் பார்த்ததில்ல."

"ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டாரு, தம்பி," என்றாள் செல்வநாயகி. "ஒவன்ல வச்சு, மேல பளபளன்னு தேன் பூசின பன்றி விலா வேணும்னாரு. செஞ்சு தரேன்னு சொன்னேன். மறுநாள் போனா கட்டில் காலியா இருக்கு."

"அது காய்ச்சல் வேகம்."

"காய்ச்சல் வேகத்துல யாராவது இஞ்சி நிறையப் போடச் சொல்லுவாங்களா?"

அப்புத்துரையின் மனைவி நல்லம்மாவுக்கு வேறு கவலை. "அக்கா, அது கேக் சுடுற ஒவன் லா. தீபாவளிக்கு உங்க வீட்டு பட்டர் கேக்கை இனிமே யார் தின்னுவா?"

"தின்னாதவங்க பேரை எழுதிக் குடு. முட்டை மிச்சம்."

பேச்சுத்தான் துணிச்சல். செல்வநாயகி தன் அறுபது வயதுவரை பன்றியைத் தொட்டதில்லை. துக்க வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது என்பதால், பக்கத்து வீட்டுச் சீனப் பெண் கியோக் லான் பசாரில் வாங்கித் தந்து, மலாயில் செய்முறையும் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். கறுப்புக் கிச்சாப் என்ற சோயாச் சாறு, தேன், இஞ்சி, பூண்டு, ஐந்து வாசனைத் தூள். எட்டு நாள் தூங்காத தலையில் சாமான்கள் தங்கின, வரிசை தங்கவில்லை. இருந்தது ஒரே கிலோ. கருகிப்போனால் இன்னொரு எட்டாம் நாள் வராது.

தேன் கலவையில் பிரஷைத் தோய்த்தாள்.

அவளைத் தடுத்து நிறுத்தச் சொல்லிக் கூடத்திலிருந்தவர்கள் அப்புத்துரையை அனுப்பியிருந்தார்கள். கையில் பேனாவோடு வந்தவர் வாசற்படியிலேயே அலறினார்.

"ஐயோ அண்ணி, இப்பவே தேன் பூசாதீங்க! கருகிடும்! முதல்ல மூடி வச்சு, சின்னச் சூட்டுல ஒரு மணி நேரம் வேகணும். பிறகு திறந்து மூணு தடவை பூசணும், தடவைக்குப் பத்து நிமிசம்!"

நண்டுக் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தவள் கரண்டியோடு திரும்பினாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் நல்லம்மா.

அப்புத்துரை பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "சனிக்கிழமை கமிட்டிக் கூட்டம் முடிஞ்சா, ஒரு சீனக் கடை. ஒவன் பக்கத்து மேசை எங்களுக்கு."

"கூட்டத்துக்கு எத்தனை பேர் வருவாங்க?"

"அண்ணனும் நானும்."

"இருபத்திரண்டு வருசமா?"

"ரெண்டு பேர் இருந்தா கூட்டத்துக்குக் குவோரம் சரியாப் போச்சு."

அதற்குமேல் மறைக்க எதுவுமில்லாததால் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். தட்டை அலுமினியத் தாளால் தாமே மூடினார். யாரையும் ஒவன் பக்கம் விடவில்லை. அவரைத் தேடி வந்த உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக அந்த வாசனையைக் கண்டித்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டார்கள்.

மூன்றாவது பூச்சில் விலா எலும்புகள் புதுச் செருப்பு மாதிரி மின்னின.

"அவர் எத்தனை சாப்பிடுவாரு, தம்பி?"

"நாலு."

நாலையும் இலையில் வைத்துப் படத்துக்கு முன்னால் படைத்தாள். கதவைச் சாத்தினாள். சொன்ன சொல் நிறைவேறிவிட்டது. திரும்பி வந்தபோது அப்புத்துரை தட்டைப் பார்த்தபடி நின்றார்.

"எனக்கு ரெண்டு. பிறகு ஒண்ணு தாள்ல கட்டி வாங்குவாரு."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான் அண்ணி. கேட் வரைக்கும் கொண்டு வருவாரு. சாமி விளக்கைப் பார்த்ததும் தைரியம் போயிடும். அவ என்னை என்ன நினைப்பான்னு சொல்லி என் கையில குடுத்துடுவாரு."

"நீங்க என்ன செய்வீங்க?"

"வீணாக்கக் கூடாது இல்லையா?"

செல்வநாயகி தட்டிலிருந்து ஒன்றை எடுத்தாள்.

"அக்கா, அவர் சாப்பிட்டு முடிக்கல. கதவு இன்னும் திறக்கல," என்றாள் நல்லம்மா.

"சேர்ந்து சாப்பிடுறேன்."

சாத்திய கதவோரம் தரையில் உட்கார்ந்து கடித்தாள். முதலில் தேன் இனித்தது. பிறகு இஞ்சி தொண்டையில் ஏறியது. கண்ணில் நீர் வந்தது. எலும்பு வெளுக்கும்வரை அவள் நிறுத்தவில்லை.

"இதுக்கா பயந்தீங்க?" என்று கதவைப் பார்த்துக் கேட்டாள்.