மேல்வயலின் களிமண்

பழைய பல் துலக்கியைக் கையில் பிடித்தபடி சமையலறைத் தொட்டியருகே நின்றாள் டோரீன். செய்தித்தாளின் மேல் முப்பத்தெட்டு வெள்ளிக் காசுகள், நீலக் களிமண் அப்பியபடி கிடந்தன. பன்னிரண்டு ஆண்டுகளாக இங்கிலாந்தின் சஃபக் வட்டார வயல்களில் மெட்டல் டிடெக்டரோடு அலைந்து அவள் பொறுக்கியவை பொத்தான்களும் ஈயக் குண்டுகளும் பீர் டப்பா மூடிகளுமே. இன்று காலை மேல்வயலில் அந்தக் கருவி விடாமல் கத்தியது.

"கழுவு டோரீன்," என்றான் பக்கத்தில் நின்ற வில்ஃப். "அந்த நீலக் களி மேல்வயல்ல மட்டுந்தான் இருக்கு. மியூசியத்துக்காரி ஒரு பார்வையில கண்டுபிடிச்சிருவா. என் வீட்டுப் பின்னாடி வெறும் மணல்."

மேல்வயலில் முப்பத்தோராண்டு மாடு மேய்த்தவன் வில்ஃப், ஆனால் குத்தகைக்காரன். நிலமோ எஸ்டேட் பிரபுவுடையது. செப்டம்பர் முடிவதற்குள் வெளியேறச் சொல்லி அவரிடமிருந்து கடிதமும் வந்துவிட்டது. புதையலை மியூசியத்தில் ஒப்படைத்தால் கிடைக்கும் பணத்தில் பாதி கண்டெடுத்தவருக்கு, மறுபாதி நிலத்துக்குரியவருக்கு. குத்தகைப் பத்திரத்தில் புதையல் உரிமை முழுவதும் பிரபுவுக்கே. வில்ஃபுக்குச் சொந்தமாக இருந்தது வீட்டின் பின்புறத் துண்டுநிலம் மட்டுமே. காசுகள் அங்கே கிடைத்ததாக அவள் எழுதிக் கொடுத்தால் போதும், மறுபாதி அவனுக்கு வரும்.

"அந்த ஆளு மேல்வயல்ல ஒரு நாளாவது பூட்ஸ நனைச்சிருக்காரா?"

"இல்லப்பா."

"பின்ன என்ன யோசனை? ஊருல எல்லாப் பயலும் உன்ன வேலியத் தாண்டாதேன்னு வெரட்டினப்போ, கேட்டத் தொறந்துவிட்டது யாரு?"

"நீதான். எம் பங்க முழுசா எடுத்துக்கோ வில்ஃப். இப்பவே எழுதித் தரேன்."

"உம் பங்கு எனக்கெதுக்கு? பிச்சையா? நான் பாடுபட்ட நெலத்தோட பங்கத்தான் கேக்குறேன்."

அவள் காசுகளின் பக்கம் திரும்பினாள். சேற்றில் காலூன்றியவனுக்குச் சேறு. அரண்மனையில் காலாட்டியவனுக்கு வெள்ளி! எந்த அறம் இந்தப் பங்கீட்டை வகுத்தது? சட்டம் வகுத்தது, சட்டத்தை வகுத்தவர்களோ நிலம் வைத்திருந்தவர்கள். இந்த அநீதிக்கு முன்னால் ஒரு பொய் எம்மாத்திரம்?

ஒரு காசை எடுத்து நீரில் நனைத்துத் தேய்த்தாள். மூக்குடைந்த அரசன் ஒருவன் வெளிப்பட்டான். தொட்டி நீலமாய்க் கலங்கிற்று. அந்தக் கலங்கல் குழாய்க்குள் சுழன்று இறங்குவதைப் பார்த்தாள்.

இதைப் புதைத்தவள் ஒரு குடியானவளாயிருக்கலாம். வாளோடு வந்தவர்களுக்கு அஞ்சி, மேல்வயலில், இந்தக் களியில், கையால் பள்ளம் தோண்டியிருக்கலாம். அரசனுக்கு முகம் இருக்கிறது, பெயர் பொறித்திருக்கிறது. அந்த ஏழைக்கு எஞ்சியிருப்பது அவள் ஒளித்த இடம் ஒன்றுதான். அதையும் கழுவிவிட்டால்? பிரபுவிடமிருந்து பறிப்பதாக எண்ணிக்கொண்டு, பெயரில்லாத ஒருத்தியிடமிருந்தல்லவா அவள் பறித்துக்கொண்டிருந்தாள்!

துலக்கியைக் கீழே வைத்தாள்.

"முடியல வில்ஃப். மிச்சத்தக் கழுவ மாட்டேன்."

"பெரிய புண்ணியவதி!" அவன் தொப்பியை எடுத்துக்கொண்டான். "போ, அந்தப் பிரபு வாசல்ல போயி டீ குடி." கதவு அறைந்து சாத்தப்பட்டது.

அன்று பிற்பகல் மியூசியத்தில் அவள் 'மேல்வயல்' என்றே எழுதினாள். ஒரு காசைக் கழுவிவிட்டதையும் ஒப்புக்கொண்டாள். பெருமிதம் ஏதும் வரவில்லை. எழுதிய ஒவ்வொரு எழுத்தும் வில்ஃபின் வாசற்படியில் அடித்த ஆணியாகவே பட்டது.

திரும்பும் வழியில்தான் நினைவு வந்தது: குழி! காலைப் பரபரப்பில் அதை மூடாமலே ஓடிவந்துவிட்டாள். பன்னிரண்டு ஆண்டுகளில் வில்ஃப் விதித்தது ஒரே நிபந்தனை: 'தோண்டுனா மூடு, என் மாட்டுக் கால் ஒடியக் கூடாது.'

மேல்வயலுக்கு விரைந்தாள். வில்ஃப் ஏற்கெனவே மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தான். இன்னும் சில வாரங்களில் வேறொருவருடையதாகப் போகும் மேய்ச்சலில், நீலக் களியை அள்ளி அள்ளிக் குழிக்குள் போட்டுக்கொண்டிருந்தான்.

"எழுதிட்டியா?" தலை நிமிராமலே கேட்டான்.

"எழுதிட்டேன்."

கடைசி மண்வெட்டிக் களியையும் அவன் குழிக்குள் போட்டான். டோரீன் மண்டியிட்டு, வெட்டியெடுத்த புல்தரையை எடுத்துக் குழியின் மேல் பொருத்தினாள். அவள் கைகளை எடுக்கும்வரை காத்திருந்து, அவன் அதை மிதித்து இறுக்கினான். பிறகு வேலிக் கதவைத் திறந்துவைத்துவிட்டு, அவளுக்காக நிற்காமல் நடந்தான்.