லியெம் காது வைத்த பெட்டி

லியெம் கேட்டுவிட்டு "எடு" என்று சொல்லாமல் பழைய ஸ்பீக்கர் பைத்தியம் பிடித்த அந்தக் கூட்டத்தில் யாரும் பெட்டி வாங்கியதில்லை. பதினாறு வருஷமாக இதுதான் வழக்கம். சைகோன் பத்தாம் வட்டாரத்துப் பழைய சாமான் சந்தைக்கு ஜப்பானிலிருந்து கன்டெய்னரில் வந்து இறங்கும் பெட்டிகளுக்கு ரசீது கிடையாது, உத்தரவாதம் கிடையாது. காதுதான் உத்தரவாதம். குவாங்கின் காபிக்கடையில் ஒருநாள் எல்லோரும் தலையாட்டிப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது, ஆம்ப்ளிஃபயருக்குள் ஒரு ஈ முனகுகிறது என்று லியெம் சொன்னான். சிரித்தார்கள். திறந்து பார்த்தால் கண்டென்சர் ஒன்று வெடிக்கிற மாதிரி வீங்கியிருந்தது. அன்றைக்கு ஏறிய பேர்.

அவனுடைய வேலை வேறு. கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் துரு தட்டுபவன். காலி எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கி, நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் இரும்பைச் சுத்தியலால் அடிப்பார்கள். முப்பத்தொரு வருஷம். காதில் செருகிக்கொள்ள ரப்பர் அடைப்பான் கொடுப்பார்கள். அதைச் செருகினால் மேலிருந்து தகடு விழுந்தாலும் கேட்காது, மேஸ்திரி கத்தினாலும் கேட்காது. அதனால் எல்லோரும் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் தட்டினார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் பட்டறைக்குக் காது பரிசோதிக்கும் வண்டி வந்தது. ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போது கையைத் தூக்கச் சொன்னாள் ஒரு பெண். லியெம் அவளுடைய விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். விரல் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் கையைத் தூக்கினான். அவள் கெட்டிக்காரி. நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு அவன் கை அதிகம் எழவில்லை.

"கீழ்ச் சத்தம் நல்லாக் கேக்குது மாமா. மேல் சத்தம்தான் போயிடுச்சு. போனது வராது" என்றாள். அவள் கொடுத்த தாளில் ஒரு கோடு நேராகப் போய், சாரத்திலிருந்து ஆள் விழுவது போல ஒரே இறக்கமாக இறங்கியிருந்தது. அதை நாலாக மடித்து, கடைகளில் போட்டுப் பார்க்க எடுத்துப் போகும் சிடியின் உறைக்குள் படத்துக்குப் பின்னால் செருகினான். மனைவி துயெத்திடம்கூடச் சொல்லவில்லை. அவளுக்குப் பாட்டில் ஈடுபாடில்லை என்பது அவன் எண்ணம். அவன் ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும் கீரைக்கூடையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலுக்குப் போய்விடுவாள்.

இப்படியிருக்கும்போதுதான் தொவான் வந்தான். சிமென்ட் கலவை லாரி ஓட்டுகிறவன். நாலு வருஷமாக ஒரு ஜோடி ஜப்பான் பெட்டிக்கு ஆசைப்பட்டு, ஒருவழியாக அவன் மனைவி ஹுவே சரி என்று சொல்லியிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை வாங்கண்ணே. நீங்க சொன்னா எடுக்கறேன், வேணாம்னா வந்துடறேன்."

வர முடியாது என்றால் காரணம் சொல்ல வேண்டும். லியெம் போனான். குரலும் பேஸும் கேட்கிறது, பாட்டில் முக்கால்வாசி அதுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

சந்தையில் கூக்கின் கடை ஒரு சந்தின் கோடியில் இருந்தது. கூக்குக்கு நாற்பத்தைந்து வயது. பெட்டிகளை வீடு மாதிரி கூரை வரைக்கும் அடுக்கி வைத்து, நடுவில் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருப்பாள்.

"வா லியெம் அண்ணே. உனக்காகத்தான் இன்னும் யாருக்கும் காட்டாம வச்சிருக்கேன்."

"போன மாசம் குவாங்கிட்டயும் இதையேதான் சொன்னியாம்."

"அவன்கிட்டச் சொன்னது பொய். உன்கிட்டச் சொல்றது நிஜம்."

இடுப்பு உயரத்துக்கு இரண்டு பெட்டிகள். ஒவ்வொன்றும் முப்பத்தைந்து கிலோ. கீழே பேஸுக்குப் பெரிய கூம்பு, நடுவில் குரலுக்கு ஒன்று, உச்சியில் மேல் சுருதிக்குக் கட்டைவிரல் அளவில் ட்வீட்டர். மர ஓரத்தில் சின்னக் கீறல்கூட இல்லை. தொவான் அதைத் தடவிப் பார்த்த விதத்திலேயே கூக்குக்கு வியாபாரம் முடிந்துவிட்டது தெரிந்திருக்கும். விலையைச் சொன்னாள். ஒரு கோடியே பத்து லட்சம் டோங். தொவானின் ஒரு மாதச் சம்பளத்துக்குக் கிட்ட.

லியெம் தன் சிடியைப் போட்டான். பேஸ் தரையில் இறங்கி உள்ளங்காலுக்கு வந்தது. பாடுகிறவள் இரண்டு பெட்டிக்கும் சரியாக நடுவில் நின்றாள். பிறகு அவன் வழக்கமாகச் செய்வதைச் செய்தான். முட்டி போட்டு இடது பெட்டியின் ட்வீட்டரில் காதை வைத்தான். எழுந்து வலது பெட்டியில் வைத்தான். சந்தில் போகிறவர்கள்கூட நின்று பார்த்தார்கள்.

இரண்டிலும் ஒரே மாதிரிதான் இருந்தது. இரண்டிலும் அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றான். பொய் இல்லை. "எடு."

கூக் மூன்று சக்கர வண்டிக்காரனைக் கூப்பிட்டாள். "சந்து வழக்கம் தெரியுமில்ல? காது வச்சுக் கேட்ட பொட்டி திரும்பி வரக்கூடாது."

"லியெம் அண்ணன் காது வச்சதுக்கா திரும்பி வரப்போறேன்?" என்றான் தொவான்.

புதிதாக எது வாங்கினாலும் அதைக் கழுவ வேண்டும் என்பார்கள் அங்கே. பைக்கானாலும் ஃப்ரிட்ஜானாலும் கூட்டாளிகளுக்கு பீர் ஊற்றிக் கழுவ வேண்டும். மத்தியானம் தொவான் வீட்டில் ஐஸ் போட்ட பீரும் சுட்ட பன்றி விலாவும் தயார். குவாங்கும் வந்துவிட்டான். ஹுவே அந்த வீட்டுச் சந்தின் முனையில் சுட்ட விலாவோடு குருணைச் சோறு விற்கிறவள். காலை வியாபாரம் முடிந்து, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வாசலில் கரியடுப்பருகே நின்றிருந்தாள்.

பாட்டு ஓடியது. குவாங் கண்ணை மூடிக்கொண்டான்.

"மெத்துன்னு இருக்குடா. காதுல குத்தவே இல்ல."

"அதாண்ணே! கண்ணு கூசாத வெளிச்சம் மாதிரி" என்றான் தொவான்.

"இதுக்குத்தான் வயசான பொட்டி வேணும்கிறது. புதுப் பொட்டியெல்லாம் கீச்சு கீச்சுன்னு கத்தும்."

லியெம் குடித்தான். அவன் கேட்டு எடுத்தது என்பதால் எல்லோரும் அதற்கேற்ற பாராட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஹுவே விலாத் தட்டோடு உள்ளே வந்தாள். இரண்டு பெட்டிக்கும் நடுவில் நின்று தலையை ஒருபக்கமாகச் சாய்த்தாள்.

"ஏங்க, இந்தப் பக்கத்துப் பொட்டி வாயில துணி எதுவும் அடைச்சிருக்கா?"

"என்னது?"

"அந்தப் பக்கம் தாளத்துக்கு சிக் சிக்னு ஒண்ணு வருது. இந்தப் பக்கம் வரல."

"நீ போய் அடுப்பைப் பாரு. லியெம் அண்ணன் கேட்டு எடுத்தது."

"அண்ணன் அப்பக் கேட்டாரு. நான் இப்பக் கேக்கறேன்."

குவாங் சிரித்தான். "கரிப்புகை காதுக்கும் ஏறிடுச்சு போல தங்கச்சிக்கு."

"புகை கண்ணுக்குத்தான் குவாங் அண்ணே. விலாவை நான் காதாலதான் திருப்பறேன். கொழுப்பு சொட்டற சத்தம் மாறினாத் திருப்பணும். காலையில முப்பது விலா ஒரே நேரத்துல வேகும். நீங்க ரெண்டே ரெண்டு பொட்டியை வச்சுக்கிட்டுத் திண்டாடறீங்க."

எல்லோரும் லியெமைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை போதும். 'பாட்டைப் பதிஞ்சதே அப்படித்தான்' என்று சொன்னால் ஹுவே வாசலுக்குப் போய்விடுவாள். தொவான் நிம்மதியாக இன்னொரு பீர் திறப்பான். பத்து வருஷம் அந்த ஊமைப் பெட்டி முன்னால் உட்கார்ந்து, மெத்தென்று இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே கேட்பான். வார்த்தை நாக்குவரைக்கும் வந்தது.

லியெம் கோப்பையைக் கீழே வைத்தான். எழுந்துபோய் ஆம்ப்ளிஃபயரை நிறுத்தி, பின்னாலிருந்த கம்பிகளை இடது வலதாக மாற்றிச் செருகினான். மறுபடி போட்டான்.

"ஹுவே, இப்பச் சொல்லு. எந்தப் பக்கம் வரல?"

"முன்ன சொன்ன அதே பக்கம்தான். இதே பொட்டி."

"அப்ப பாட்டுலயும் கோளாறில்ல, ஆம்ப்லயும் கோளாறில்ல. பொட்டிதான். ட்வீட்டர் செத்துருக்கு."

குவாங் எழுந்து காதை வைத்துப் பார்த்தான். "ஆமாடா. நானும் அப்பவே நெனச்சேன்" என்றான்.

தொவான் அவனைப் பார்க்கவில்லை. "அண்ணே, கடையில நீங்க காது வச்சுக் கேட்டீங்களே."

"கேட்டேன்."

"அப்பத் தெரியலையா?"

லியெம் சிடி உறையைத் திறந்து, படத்துக்குப் பின்னாலிருந்த தாளை எடுத்துக் கொடுத்தான். தொவானுக்கு அந்தக் கோடு புரியவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எனக்கு மேல் சத்தம் கேக்காதுடா. இப்பவும் கேக்கல. நீங்க சொல்ற சிக் சிக் எனக்கு ரெண்டு பக்கமும் இல்ல."

"இது எப்ப எடுத்தது?"

"ரெண்டு மாசம் ஆச்சு."

"ரெண்டு மாசமாத் தெரிஞ்சுக்கிட்டே என்கூட சந்தைக்கு வந்தீங்களா?"

"ஆமா."

தொவான் முகம் சிவந்தது. பீரால் சிவந்ததல்ல. "வரலன்னு சொல்லியிருக்கலாமேண்ணே. காசு என்னோடதாச்சே. நாலு வருஷம்ணே" என்றான். குவாங் விலாவைக் கையில் பிடித்தபடி கடிக்காமல் இருந்தான்.

"கத்தினது போதும்" என்றாள் ஹுவே. "சந்தை அஞ்சு மணி வரைக்கும் இருக்கும். ரெண்டு பொட்டியையும் தூக்குங்க."

லியெம்தான் தூக்கினான். முப்பத்தைந்து கிலோப் பெட்டிகள் இரண்டையும் ஒற்றை ஆளாக வண்டியில் ஏற்றினான். யாரையும் கை கொடுக்க விடவில்லை.

கூக் அவர்களைச் சந்து முனையில் பார்த்தவுடனேயே எழுந்துவிட்டாள். "வழக்கம் என்னன்னு சொல்லித்தானே அனுப்பினேன்? காது வச்ச பொட்டி திரும்பாது. எல்லாரும் பாத்தாங்க."

"வச்ச காதுக்கு உயிர் இல்ல கூக். இந்தா."

கூக் தாளை வாங்கிப் பார்த்தாள். இது மாதிரித் தாள்களை அவள் ஸ்பீக்கர்களுக்குப் பார்த்திருக்கிறாள். கோடு எங்கே விழுகிறது என்று உடனே புரிந்துகொண்டாள்.

"இவ்வளவுமா?"

"இவ்வளவும்தான். நான் கேட்டது கணக்குல வராது. அப்ப இந்தப் பொட்டியை யாரும் கேக்காமத்தான் எடுத்திருக்காங்க. உன் வழக்கப்படியே பாரு, காது வைக்காத பொட்டி திரும்பலாம்." சந்தில் பக்கத்துக் கடைக்காரர்கள் தலை நீட்டினார்கள். லியெம் குரலைக் குறைக்கவில்லை. "எனக்குக் காது போயிடுச்சு. இனிமே இங்க எவனும் என்னை நம்பி எதையும் எடுக்க வேணாம்."

"கத்தாத அண்ணே. நீ கேட்ட பொட்டின்னு சொல்லித்தான் நான் பத்து வருஷமா வித்துக்கிட்டிருக்கேன். செவிடுன்னு சொல்றதா இருந்தாலும் மெதுவாச் சொல்லு."

அவள் அதற்கு மேல் வழக்கம் பேசவில்லை. ஹுவே காட்டிய பெட்டியின் ட்வீட்டரைக் கழற்றி மீட்டரை வைத்தாள். முள் அசையவில்லை. உள்ளே போய், தண்ணீரில் ஊறி மரம் உப்பிப்போன அதே ரகப் பெட்டி ஒன்றை இழுத்து வந்து, அதிலிருந்து ஒன்றைக் கழற்றி மாட்டினாள். தனக்கு முன்னாலேயே தெரியாது என்று சத்தியம் செய்தாள். யாரும் அதை மறுக்கவுமில்லை, நம்பவுமில்லை.

பழக்கத்தில் எல்லோரும் லியெமுக்காக வழிவிட்டார்கள். அவன் நகரவில்லை. ஹுவேதான் முக்காலியை இழுத்துப் போட்டு, ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு முழுப் பாட்டையும் கேட்டாள்.

"இப்ப ரெண்டும் சேர்ந்து பேசுது" என்றாள்.

திரும்பும்போது தொவான் லியெமிடம் பேசவில்லை. வழி பிரியும் இடத்தில் மட்டும், "சிடியை மறந்துட்டீங்க" என்று நீட்டினான். தாளையும் அதற்குள் மடித்து வைத்திருந்தான்.

பத்து நாள் கழித்து தொவானும் ஹுவேயும் லியெம் வீட்டுக்கு வந்தார்கள். கோபம் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் வந்தார்கள். ஹுவே குருணைச் சோற்றுப் பொட்டலம் கொண்டுவந்திருந்தாள். லியெம் பாட்டைப் போட்டிருந்தான். துயெத் வழக்கம்போலப் பக்கத்து வீட்டு வாசலில் இருந்தாள்.

ஹுவே வாசற்படி ஏறியதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ அண்ணே! தகரத்தை சிமென்ட் தரையில இழுக்கற மாதிரி இருக்கு. எப்படிக் கேக்கறீங்க?"

தொவான் ஆம்ப்ளிஃபயரிடம் போய்க் குனிந்தான். மேல் சத்தத்தைக் கூட்டும் ட்ரெபிள் குமிழ் வலது கோடி வரைக்கும் திருகியிருந்தது. லியெமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரே நாளில் திருகியதில்லை. பாட்டு மங்கலாக இருக்கிறதே என்று வருஷத்துக்கு ஒரு கோடு, ஒன்றரைக் கோடு என்று நகர்த்தியிருக்கிறான்.

"அக்கா எத்தனை வருஷமா வெளிய போயி உக்காந்திருக்காங்க?" என்று கேட்டாள் ஹுவே.

லியெம் பக்கத்து வீட்டு வாசலை எட்டிப் பார்த்தான்.

அவர்கள் போன பிறகு அந்தக் குமிழைப் பிடித்துத் திருப்பி, நடுவில் கொண்டுவந்து நிறுத்தினான். பாடுகிறவளின் குரல் கனத்த கம்பளியைப் போர்த்திக்கொண்டது போலானது. தாளம் அடியோடு காணாமல் போயிற்று. உட்கார்ந்து கேட்டான். பேஸ் இருந்தது. மீதியைப் பழைய ஞாபகத்திலிருந்து தானே போட்டுக்கொண்டான்.

மூன்றாவது பாட்டில் துயெத் வாசலில் வந்து நின்றாள். கூடை இடுப்பில் இருந்தது.

"ரிப்பேரா?"

"இல்ல. சரியாத்தான் ஓடுது."

அவள் அவனையும் பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து, கூடையை எதிரில் வைத்துக் கீரையைக் கிள்ள ஆரம்பித்தாள். காம்பு ஒடிவது அவனுக்குக் கேட்கவில்லை. விரல்கள் அசைவதைப் பார்த்துக்கொண்டே நாலாவது பாட்டைக் கேட்டான்.