ஹாஜியாரின் நெஞ்சில் ஆறு கம்பிகள்

மகன் ரிஸ்மியை அடக்கிவிட்டு வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அலவத்துகொடையில் புடவைக்கடை வைத்திருக்கும் அரூஸ் ஹாஜியாரின் நெஞ்சுக்குள்ளிருந்து கிட்டார் சத்தம் கேட்கத் தொடங்கியது. தெல்தெனியவிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு அவர் திரைச்சீலைத் துணி அளந்துகொண்டிருந்த நேரம் அது. சட்டைப் பைக்குப் பின்னால் முதலில் தடித்த கம்பி அதிர்ந்தது, பிறகு மற்றவையும் சேர்ந்துகொண்டன. "ஹாஜியார், போன் அடிக்குது, எடுங்கோ" என்றாள் அவள். போன் மேசையில் சும்மா கிடந்தது. அவர் இருமிப் பார்த்தார். இருமலும் தாளத்தோடுதான் வந்தது.

காரணம் ஹாஜியாருக்குத் தெரியும். ரிஸ்மி டெங்குக் காய்ச்சலில் மவ்த்தான அன்று, ஜனாஸா வீட்டுக்கு வருகிறவர்களுக்காக முன்னறையைக் காலி செய்தார்கள். அலுமாரியை நகர்த்தியபோது அதன் பின்னாலிருந்த கிட்டார் சரிந்து எல்லோர் முன்னாலும் விழுந்தது. மாத்தளையிலிருந்து வந்திருந்த மச்சான் ஒருவர் "இது ஆர்ட?" என்று கேட்டார். தூக்கி ஓரமாக வைப்பதற்காகத்தான் கேட்டார். ஹஜ் செய்தவன் வீட்டில் கிட்டாரா என்று அவர் கேட்பதாக ஹாஜியாருக்குப் பட்டது. மகனைக் கபன் துணியில் சுற்றிக் கிடத்தியிருந்த அறையில் நின்றுகொண்டு, "எங்கட இல்ல. அந்தக் கம்பளைப் பொடியன்ட. இங்க வச்சிட்டுப் போன" என்றார். கம்பளைப் பொடியன் கணேஸ் அப்போது வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். ரிஸ்மியோடு படித்தவன், கலியாண வீடுகளில் அவனோடு சேர்ந்து வாசித்தவன். அவன் ஹாஜியாரின் முகத்தை ஒருமுறை பார்த்தான். "ஆமாங்க, என்னோடதுதான்" என்றான். அடக்கம் முடிந்ததும் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினான்.

அன்று முதல் அந்தக் கிட்டாரைக் கம்பளையில் மீட்டினால் அங்கே சத்தம் வரவில்லை, அலவத்துகொடையில் வந்தது. கணேஸ் தன் போன் திருத்தும் கடையில் ஆள் வராத நேரங்களிலும், கடையைச் சாத்திய பின் தினமும் வாசித்தான். விரலுக்குக் கீழே கம்பி அதிர்வதால் எங்கேயாவது கேட்கும் என்று அவன் நம்பியிருந்தான். ஹாஜியாருக்கு அது பெரும்பாலும் அந்திநேர மஃரிப் தொழுகையாக அமைந்தது. முன் வரிசையில் நின்று பழகியவர், இரண்டு வருட நோன்பு வந்து போவதற்குள் செருப்பு வைக்கும் தட்டுக்குப் பக்கத்து வரிசைக்கு வந்துவிட்டார். பள்ளிவாசலில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தொழுகை நடத்தும் ஹஸ்ரத் ஸலாம் சொல்லிக் கைகொடுத்துவிட்டுப் போனார். அந்த மரியாதையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. வங்கி வரிசையில் நெஞ்சைப் பையால் பொத்திக்கொண்டார், கடையில் ரேடியோவைக் கூட்டி வைத்தார். வீட்டில் மனைவி றம்லத் மட்டும் அரிசி புடைக்கிற சாட்டில் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். "இந்த எடத்துல ரிஸ்மி எந்த நாளும் பிழை விடுவான். இவன் விடுறானில்ல" என்பாள். ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அவர் கதவைச் சாத்தியபோது அவளுக்குக் கோபம் வந்தது. "எத்தின வருஷம் செவுத்துக்கால கேட்ட சனம். அது ஆர்ட கிட்டாரென்டு தெரியாதது ஒங்களுக்கு மட்டுந்தான்."

வாடை பிடித்த துணியை மாற்றினால் வாடை போய்விடும் என்பது அவருடைய தொழில் அறிவு. கம்பியை மாற்றினால் சத்தமும் போய்விடும் என்று முடிவு செய்து கண்டி டவுனுக்குப் போனார். இசைக்கருவிக் கடையில் "ஸ்டீலா, நைலோனா?" என்று கேட்டார்கள். நாற்பது வருடப் புடவை வியாபாரி யோசிக்கவே இல்லை. "நைலோன். சுருங்காது, துருப்பிடிக்காது." யாருக்கு என்று கேட்டதற்கு "தெரிஞ்ச ஒரு பிள்ளைக்கு" என்றார். சொன்ன கையோடு நெஞ்சில் ஒரு கம்பி சுண்டியது. கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். ஹாஜியார் மிச்சக் காசை வாங்காமல் வெளியே வந்தார்.

கம்பளைக்குப் போய், சத்தம் தன் நெஞ்சில் கேட்பதைச் சொல்லிப் பொதியை நீட்டினார். கணேஸ் அதைப் பிரித்துப் பார்த்துச் சிரித்துவிட்டான். "அங்கிள், இது ஸ்டீல் கம்பி போடுற கிட்டாருங்க. நைலோனுக்கு நுனியில குண்டு இல்ல, நிக்காம வழுக்கிரும்."

"முடிச்சுப் போட்டா நிக்காதா?"

"நிக்கும். சத்தந்தான் கொஞ்சம் பஞ்சு மாதிரி வரும்."

அவன் முறுக்காணியைத் தளர்த்தி ஒவ்வொரு கம்பியாகக் கழற்றினான். மெல்லிய கம்பி போனதும் ஹாஜியாரின் நெஞ்சில் அந்தச் சுரம் இல்லாமல் போனது. புடவைப் பொதிக்குப் போடுகிற முடிச்சை அவர் நைலோனில் போட்டுக் கொடுக்க, கணேஸ் அதை மாட்டி முறுக்கினான். அடுத்ததும் அப்படியே. ஐந்து கம்பி போனபின் நெஞ்சுக்குள் ஆட்களில்லாத வீடு மாதிரி இருந்தது. தடித்த கம்பி மட்டும் மிச்சம். அது துருப்பிடித்துக் கறுத்திருந்தது. "இது ரிஸ்மி காய்ச்சல் வாறதுக்கு முன்ன தன் கையால மாட்டுனதுங்க" என்றான் கணேஸ், ஆணியில் கையை வைத்தபடி. "கழட்டவா?"

ஹாஜியார் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்."

"விட்டா சத்தம் நிக்காதுங்க, அங்கிள்."

"நிக்க வேணாம். என்ட மகன்ட கிட்டார்." இன்னொரு தடவையும் சொன்னார். "அது என்ட மகன்ட. அண்டைக்கு நான் பொய் சொன்ன."

கணேஸ் தேநீர் போடப் போனான். கிட்டாரை அவர் திரும்பக் கேட்கவில்லை. கேட்கிற முகம் தனக்கு இல்லை என்று றம்லத்திடம் சொன்னார்.

இப்போது ஐந்து கம்பி கம்பளையில் ஒலிக்கிறது, ஒன்று அலவத்துகொடையில். ஹாஜியார் பள்ளியில் இன்னும் கடைசி வரிசையில்தான் நிற்கிறார். கடையில் ரேடியோ போடுவதில்லை. பெருநாளைக்கு முன்பு தெல்தெனியப் பெண் மறுபடி வந்தாள். துணியை அளக்கும்போது அவர் நெஞ்சில் தடித்த கம்பி அதிர்ந்தது. "ஹாஜியார், போன்" என்றாள்.

"போன் இல்ல, தங்கச்சி. என்ட மகன்."

அவள் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு, போன தடவை திரை சாணளவு கட்டையாகிப் போனதாகவும், இந்த முறை அரை மீட்டர் கூட்டி வெட்டும்படியும் சொன்னாள்.