செல்லம், அவுட்பாஸ் கிடையாது

சட்டை தைக்கும் அந்தக் கம்பெனிக்கு அன்பு ஒரு திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் ஒரு நிபுணர். காலரில் மைக்கைச் செருகிக்கொண்டு, "அன்பு என்பது ஓர் உற்பத்திக் கருவி" என்றார். முதலாளி தலையாட்டினார்; கருவி என்றால் அவருக்குப் புரியும். அன்றிலிருந்து தையல்காரிகளை யாரும் 'ஏய்' போடக் கூடாது, எல்லாரும் 'செல்லம்'. அன்பு இருக்கும் இடத்தில் அனுமதிச் சீட்டு எதற்கு என்று, வேலை நடுவில் வெளியே போகத் தரும் அவுட்பாஸையும் நிறுத்திவிட்டார்கள்.

சூப்பர்வைசருக்குப் பட்டப்பெயர் விசில். திட்டியே பழகிய தொண்டை. "ஏய் செல்லம்! காலர் கோணுது பாரு, கண்ண எங்க வச்சிருக்க செல்லம்?" என்று அதே சுதியில் கத்தினான்.

"இந்தாளு கொஞ்சுறதுக்கு நாலு அறை வாங்கிக்கலாம்க்கா," என்றாள் பக்கத்து மெஷின்காரி.

காலர் தைப்பவள் சிரிக்கவில்லை. வீட்டில் அவள் தன் மகளைக் கூப்பிடுவதே அப்படித்தான்.

அந்த வாரமே ஒரு மதியம், மகளை விட்டிருந்த காப்பகத்திலிருந்து போன். குழந்தைக்கு உடம்பு அனலாய்க் கொதிக்கிறது, மூச்சு வேறு இரைக்கிறது, உடனே வாருங்கள் என்றார்கள்.

"சார், பாப்பாவுக்குக் காய்ச்சல். போகணும்."

"அவுட்பாஸ் இல்லையே செல்லம்."

"கேட்ல ஒரு வார்த்தை சொல்லுங்க சார், விட்டுடுவாங்க."

"நாளைக்கு லோடு ஏத்தணும் செல்லம். அன்பாத்தானே சொல்றேன்?"

"அன்பா ஒண்ணும் சொல்ல வேணாம்!" அவள் எழுந்தேவிட்டாள். சுற்றிலும் மெஷின்கள் ஒவ்வொன்றாய் நின்றன. "போன வருஷம் அவளுக்கு அம்மை போட்டப்ப, 'எருமை, போய்த் தொலை'ன்னீங்க. திட்டினீங்க, ஆனா விட்டீங்க. இப்ப கொஞ்சிக்கிட்டே கழுத்த நெரிக்கிறீங்க. எம் பொண்ணைக் கூப்பிடுற வார்த்தை சார் அது. வாயில போட்டு மெல்லாதீங்க."

அந்நேரம் பார்த்து முதலாளியோடு நிபுணர் உள்ளே நுழைந்தார், அன்பு எந்த அளவுக்கு விளைந்திருக்கிறது என்று பார்க்க. அவளை நோக்கிக் கைகளை விரித்தார்.

"அமைதி, செல்லம். உங்க கோபத்தை நாங்க மதிக்கிறோம். மூச்சை நல்லா இழுத்து விடுங்க."

"எம் பொண்ணுக்கு மூச்சு இரைக்குதுய்யா!"

விசில் நிபுணரைப் பார்த்தான். முதலாளியைப் பார்த்தான். தன் வேலை என்னாகும் என்றும் யோசித்திருப்பான். பிறகு அந்தப் பழைய தொண்டை திறந்தது.

"ஏய் எருமை! இன்னும் நின்னு என்ன வியாக்கியானம் பண்ணிட்டிருக்க? போய்த் தொலை!" கேட் பக்கம் திரும்பிக் கத்தினான்: "வாட்ச்மேன், விடுய்யா அவளை!"

நிபுணர் காதைப் பொத்திக்கொண்டார். அவள் ஓடினாள்.

காப்பகத்தில் மகள் சுருண்டு கிடந்தாள். அள்ளித் தூக்கினாள். வழக்கமான சொல் வாய்வரை வந்து நின்றுவிட்டது. அதில் மெஷின் எண்ணெய் நாறியது. ஆளை உறிஞ்சினது போதாதென்று இதிலுமா கை வைத்தீர்கள், பாவிகளா?

"எருமைக்குட்டி," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "வாடி, டாக்டர்கிட்ட போலாம்."

குழந்தை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது.