ஏழாம் நம்பர் பலா

என் வீட்டுக்காரர் செங்கோடனுக்குச் சந்தேகம் ஒரு வியாதி. மலைமேல் இருக்கும் சோளக்காடு ஊரில் பஸ் ஏறினால், டிரைவர் சரியான வழியில்தான் போகிறாரா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வருவார். இருப்பதே ஒரே ரோடு.

அப்படிப்பட்டவரைக் கேட்காமல் நான் கலைச்செல்வி டீச்சருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். டீச்சர் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நாமக்கல்லிலிருந்து வந்தவர். பிள்ளைகளுக்கு மரம், பறவை, ஓடையெல்லாம் நேரில் காட்டிச் சொல்லிக்கொடுப்பதற்கு மெட்ராஸ் டிரஸ்ட் ஒன்று நிதி தருகிறது என்று கேள்விப்பட்டு, எழுதிப்போட்டு, இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் வாங்கியும் விட்டார். ஓடைக்குப் போகும் வழியிலுள்ள நல்ல மரங்களுக்கு நம்பர் போடுவார்கள். பிள்ளைகள் ஒவ்வொன்றிடமும் நின்று பார்த்துப் படிக்கும்.

"ருக்குமணியக்கா, இவ்வளவு பெரிய மிளகுக்கொடி ஏறின பலாமரம் இந்தப் பக்கமே இல்ல. உங்க மரத்துலயும் நம்பர் போட்டுக்கட்டுமா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் அன்றைக்குப் பேளுக்குறிச்சி சந்தைக்குப் போயிருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சரி என்றேன்.

மரவள்ளி எங்கள் வயிற்றுக்கு. துணிமணி, மருந்து, நல்லது கெட்டது எல்லாமே அந்தக் கொடியின் மிளகில்தான்.

சந்தையிலிருந்து வந்தவர் மரத்தில் வெள்ளை பெயிண்டில் ஏழு என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் மூட்டையைக் கீழே போட்டார். எங்கள் மலையில் மரத்தில் நம்பர் விழுந்தால் ஒரே அர்த்தம்தான். முதலில் பெயிண்ட் வரும், அப்புறம் ரம்பம் வரும், கடைசியில் லாரி வரும். அவருடைய அப்பா காலத்தில் ஒரு கான்ட்ராக்டர் அப்படித்தான் நம்பர் போட்டுத் தோட்டத்தையே மொட்டையடித்துவிட்டுப் போனான்.

"பிள்ளைங்க பாத்துப் படிக்கறதுக்குங்க. அதுக்கு மெட்ராஸ்காரங்க பணம் குடுத்திருக்காங்க" என்றேன்.

"மரத்தச் சும்மா பாக்கறதுக்கு எவனாச்சும் பணம் குடுப்பானா புள்ள? பாக்கறவன் எதுக்குப் பாக்கறான்?"

கேட்டுவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார். சமாதானமாகிவிட்டார் என்று நம்பினேன் பாருங்கள், அதுதான் என் புத்தி.

மறுநாள் வாழைத்தாரோடு சோளக்காடு போய்த் திரும்பினேன். பலா கீழே கிடந்தது. கொடி சுற்றியபடியே கிடந்தது. பச்சைச் சரங்கள் மண்ணில் நசுங்கியிருந்தன. பக்கத்துத் தோட்டத்துச் செல்லமுத்துவிடம் ரம்பம் இரவல் வாங்கி அவரே அறுத்திருக்கிறார்.

"நம்பர அழிச்சா கேசு போடுவாங்க. அவங்க வெட்டறதுக்கு முந்தி நாம வெட்டிட்டா, கட்டையாச்சும் நம்மூட்டுல கெடக்குமில்ல?" என்றார், கெட்டிக்காரத்தனமாக.

தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். சத்தம் கேட்டு வந்த டீச்சர் கொடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அடுத்த மாதம் டிரஸ்டிலிருந்து ஒருவர் நடந்த வேலையைப் பார்வையிட வந்தார். பிள்ளைகள் வரிசையாக முன்னே நடந்தார்கள். ஆறாவது மரத்துக்கும் எட்டாவது மரத்துக்கும் நடுவில் அவர் நின்றார். எங்கள் பலாவின் அடிக்கட்டை மஞ்சளாகத் தெரிந்தது. "ஏழு எங்கங்க? மரத்தக் காப்பாத்தச் சொல்லிக்குடுக்கற எடத்துலயே மரத்த வெட்டியிருக்கீங்களே?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் வேலியோரம் நின்றிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. டீச்சர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மரம் உள்ள உளுத்துப்போச்சு சார். பிள்ளைங்க மேல விழுந்துருமோன்னு நான்தான் வெட்டச் சொன்னேன்."

"எங்கள ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா? அடுத்த வருஷம் நிதி கெடைக்கறது கஷ்டம்தான்" என்று வந்தவர் முகத்தைச் சுளித்தார். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவர்கள் ஓடைப்பக்கம் இறங்கி மறையும்வரை என் வீட்டுக்காரர் அசையவில்லை. பிறகு மெதுவாக என் பக்கத்தில் வந்தார்.

"நாஞ்செஞ்ச தப்ப அந்தம்மா எதுக்குத் தன் தலைமேல போட்டுக்கோணும்? இதுல என்னமோ இருக்குது புள்ள."

கொடி போனதற்குக்கூட நான் அப்படி உடைந்துபோகவில்லை.

"ஒண்ணுமில்லீங்க. உங்களுக்காக ஒருத்தர் சும்மா நல்லது செய்வாங்கன்னு இத்தன வயசுக்கு உங்களால நம்ப முடியலையே, அதுக்குத்தான் எனக்கு அழுகை வருது" என்றேன்.

அவர் அடிக்கட்டையின் மேல் உட்கார்ந்தார். பிள்ளைகள் திரும்பி வரும்வரை எழுந்திருக்கவில்லை.