பொருந்தாது

கணவரின் வலது கையைச் சட்டையிலிருந்து எப்படியோ உருவிவிட்டாள். இடது கைதான் வரவில்லை. தோள் எலும்பில் நோய் இறங்கியிருந்ததால் இழுக்கவும் பயம்.

“கத்திரிய எடுத்து வெட்டிடு,” என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

“நல்ல சட்டைங்க.”

“உள்ள இருக்கறவன் அவ்வளவு நல்லா இல்லையே.”

காலையிலிருந்து இது நான்காவது சட்டை. திடீரென்று கழுத்திலிருந்து அனல் ஒன்று கிளம்பும். முகம் சிவக்கும். ஐந்து நிமிஷத்தில் வேர்வையில் குளித்துவிட்டு, அடுத்த ஐந்து நிமிஷம் போர்வைக்குள் நடுங்குவார். அவளுக்கு மாதவிடாய் நின்ற வருஷம் இதே அனல் வந்ததுண்டு. “அப்ப ஃபேன் போடாதேன்னு உன்கிட்ட சண்டை போட்டேன் பாரு, அந்தப் பாவம்தான்,” என்று முன்பெல்லாம் சிரிப்பார்.

மூன்று வருஷங்களுக்கு முன்னால், நோய் புராஸ்டேட்டைத் தாண்டி எலும்புக்குப் போய்விட்டது என்று தெரிந்த அன்று, டாக்டர் ஒரு தாளில் குழாய் வரைந்து விளக்கினார். இந்தப் புற்றுநோய்க்கு ஆண் ஹார்மோன்தான் சாப்பாடு. ஊசி போட்டு அந்தக் குழாயை மூடுவோம். அப்படியும் கசிவதை நிறுத்த ஒரு புது மாத்திரை ஆராய்ச்சியில் இருக்கிறது, சேர்ந்துகொள்கிறீர்களா? பக்க விளைவுகளை வரிசையாகச் சொன்னார். அனல் வரும். எலும்பு தேயும். மார்பு கொஞ்சம் வீங்கலாம். கடைசியாக, தாளைப் பார்த்தபடி வேகமாக, “தாம்பத்திய ஆசை போயிடும்,” என்றார்.

அவள் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

அந்த வாரமே கூடத்து ஜன்னலோரம் கட்டில் போட்டுக்கொண்டார். “ராத்திரி பத்து தடவ எந்திரிப்பேன், உனக்குத் தூக்கம் கெடும்,” என்றார். அவள் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் தனக்கு ஆசை இருக்கிறது என்று சொன்னதாகிவிடும். இல்லாதவரிடம் அதைக் கேட்பது, பல் போனவர் முன்னால் கரும்பு கடிப்பது மாதிரி. அவருக்குத் துடைத்துவிட்டாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், நகம் வெட்டினாள். மூன்று வருஷமாக அவர் உடம்பில் அவள் கை படாத இடமில்லை. ஆனால் வேலையில்லாமல் ஒருநாளும் அவரைத் தொட்டதில்லை.

மாத்திரை இரண்டு வருஷம் கேட்டது. பிறகு கேட்கவில்லை, அதை நிறுத்திவிட்டு ஊசியை மட்டும் தொடர்ந்தார்கள். ஆனாலும் மாதம் ஒருமுறை ஆராய்ச்சி நர்ஸ் கூப்பிட்டு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேள்விகள் கேட்பாள். நாற்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவருக்கு அது பிடித்திருந்தது. ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஒரு பராமரிப்பு அட்டை உண்டு. அதில் பொய் எழுதினால் யாரோ ஒருவர் அந்தரத்தில் தொங்குவார் என்பார்.

அன்றும் பதினொரு மணிக்கு நர்ஸ் போன் செய்தாள். நேற்றே டாக்டர் வந்து, இன்றோ நாளையோ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

“இன்னைக்கு வேணாம்மா, அவரால முடியல,” என்றாள் மனைவி.

“ஸ்பீக்கர்ல போடு,” என்றார் அவர்.

போட்டாள். போன வாரம் வந்து தங்கியிருந்த மகள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

வலி பத்துக்கு எவ்வளவு? எட்டு. அனல் நேற்று எத்தனை தடவை? பதினொன்று. தூக்கம்? “பகல்லயும் தூங்கறேன், கணக்குல சேத்துக்கங்க.” நர்ஸ் மெல்லச் சிரித்தாள். “அடுத்தது... வழக்கம்போல பொருந்தாதுன்னு போட்டுக்கறேன் ஐயா.”

“என்ன கேள்வி அது?”

“நெருக்கம் பத்தி. எப்பவும் அப்படித்தானே போடறோம்.”

“நீங்களா போட்டீங்க. நான் சொல்லலியே. கேளுங்க.”

நர்ஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை போல் வாசித்தாள். “கடந்த நான்கு வாரங்களில் உங்கள் துணையுடன் நெருக்கமாக இருக்க எந்த அளவுக்கு விரும்பினீர்கள்? சிறிதும் இல்லை, கொஞ்சம், ஓரளவு, மிகவும்.”

“மிகவும்,” என்றார்.

சமையலறையில் குழாய்ச் சத்தம் திடீரென்று பெரிதானது.

“நான் சொல்றது வேற மாதிரி. உங்க மாத்திரை எடுத்தத எடுத்துடுச்சு. அதுக்கப்புறமும் இருக்கறத எழுதக் கட்டம் இல்ல போல. அதனால மிகவும்னே போடுங்க.”

“சரிங்க ஐயா,” என்றாள் நர்ஸ். வேறெதுவும் கேட்காமல் வைத்துவிட்டாள்.

மனைவி சட்டையை மடித்தாள். பிரித்தாள். வெட்டிய சட்டை அது, மடித்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“நீ பெரிய படுக்கைல நிம்மதியாத் தூங்குற மாதிரி இருந்துச்சு.”

“தூங்குனேனா நான்?”

அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, இடுப்பை நகர்த்தி, சுவர்ப்பக்கமாக ஒதுங்கினார். ஒரு சாண் நகர மூன்று முறை மூச்சு வாங்கியது. கட்டிலின் இந்தப் பக்கம் ஓர் ஆள் ஒருக்களித்துப் படுக்கும் இடம் உண்டானது.

“வேர்க்கும்,” என்றார்.

“வேர்க்கட்டும்.”

கைவளையலைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தாள், அவர் தோளில் பட்டுவிடக்கூடாதென்று. அழைப்பு மணி அடித்தது.

கொழுந்தனும் அவர் மனைவியும். “நேத்தே சொல்லக்கூடாதாக்கா?” என்று அழுதுகொண்டே வந்த அந்தப் பெண் வேறு இடம் பார்க்காமல் கட்டிலின் அந்தக் காலி இடத்திலேயே உட்கார்ந்தாள். அதன்பின் கதவு மூடவே இல்லை. கீழ் வீட்டுக்காரர்கள் வந்தார்கள். வலி ஊசி போடும் பெண் வந்தாள். அவரோடு வேலை பார்த்த, எல்லாரும் ஸ்பேனர் என்று கூப்பிடும் மெக்கானிக் வேலை உடுப்போடு வந்து ஓரமாக நின்றார். யாராவது நாற்காலி கேட்டார்கள், யாராவது தண்ணீர் கேட்டார்கள். அவள் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருந்தாள். நான்கு மணிக்கு அவர் மூச்சு நின்றபோது கட்டிலைச் சுற்றி ஏழு பேர். அவளுக்குக் கிடைத்தது கால்மாட்டில் ஓர் இடம். போர்வைக்கு மேலாக ஒரு பாதம்.

மறுநாள் காலை ஸ்ட்ரெச்சரில் வைத்து வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். நான்காவது மாடி. மாடிப்படி குறுகல்; திருப்பத்தில் ஆளை நிமிர்த்திப் பிடிக்க வேண்டியிருக்கும். லிஃப்டோ நாலு பேர் நிற்கிற அளவுதான்.

“அண்ணன நிக்க வெச்சுக் கொண்டுபோக விடமாட்டேன்,” என்றார் ஸ்பேனர். பையிலிருந்து சாவி எடுத்து லிஃப்டின் பின்சுவரில் கீழ்ப்பக்கம் இருந்த துவாரத்தில் போட்டுத் திருகினார். சுவர் ஒரு கதவாகத் திறந்தது. உள்ளே கால் நீட்ட ஆழமான ஒரு பொந்து. “நோயாளியப் படுக்க வெச்சுக் கொண்டுபோக வெச்சது. பாதி பேருக்கு இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது.”

ஸ்ட்ரெச்சரைத் தரையோடு தரையாக உள்ளே தள்ளினார்கள். பக்கத்தில் ஓரடி அகலம் மிஞ்சியது.

“ஒரு ஆள்தான் கூட வரலாம்,” என்றார் ஸ்பேனர். கொழுந்தன் முன்னால் வந்தார்.

“நான் போறேன்,” என்றாள் அவள். நேற்றிலிருந்து அவள் குரலை உயர்த்திப் பேசியது அப்போதுதான். மகள் சித்தப்பாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். ஸ்பேனர் முன்னால் ஓட, மற்றவர்கள் படியிறங்கினார்கள்.

கதவு மூடியது. லிஃப்ட் ஒரு சின்னக் குலுக்கலோடு இறங்கத் தொடங்கியது. அவள் முதலில் மண்டியிட்டாள். பிறகு உட்கார்ந்தாள். மூன்று என்று விளக்கு மாறியபோது புடவையை ஒதுக்கிக்கொண்டு அந்த ஓரடியில் ஒருக்களித்துப் படுத்தாள். நெற்றியை அவர் தோளில் வைத்தாள். தோள் சில்லென்று இருந்தது. துளிகூட வேர்க்கவில்லை.

கீழே கதவு திறந்தபோது வாசலை அடைத்தபடி ஸ்பேனர் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் படியிறங்கி வருபவர்களின் பேச்சுக் குரல் நெருங்கியது. அவர் உள்ளே ஒருமுறை பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் உள்ளே விட்டு, கதவு மூடும் பொத்தானை அழுத்தினார்.

“அங்கயே நில்லுங்க,” என்று வெளியே அவர் குரல் கேட்டது. “கதவு சரியா வேல செய்யல. கொஞ்சம் நேரம் ஆகும்.”