பலகைக்கு ஒரு பெண் பெயர்

"பொண்ணு பேரைச் சொல்லுய்யா, பெயிண்ட் காயுது" என்றார் ரிஸால் சிங்.

ஜக்பீர் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. ஹுக்காக் குழலை வாயிலிருந்து எடுத்து, "எங்க வீட்ல ஏது பொண்ணு? ரெண்டும் பசங்க" என்றான். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. அந்த ஊரில் அது பெருமைதான்.

முற்றத்து மூலையில் எருமைக்குத் தீவனம் கலந்துகொண்டிருந்த ராஜ்பாலா, புருஷனைவிட மூத்த ஆண்பிள்ளை வந்து நிற்பதால் முக்காட்டை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். தொட்டிக்குள் போன கை அப்படியே நின்றுவிட்டது.

துபேரி ஊராட்சியின் தீர்மானம் அது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அந்த வீட்டு மகளின் பெயரில் பலகை. நீலத் தகரத்தில் வெள்ளை எழுத்து. ஒரு வீடு விடாமல் மாட்டி முடித்தால் விருது, கலெக்டரே நேரில் வந்து பார்ப்பார். தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால் பேருக்கு சர்பஞ்ச் ரிஸால் சிங்கின் மனைவி. தீர்மானத்தில் கையெழுத்து அவளுடையது, மற்றதெல்லாம் அவருடையது. கூட்டம் நடந்த அன்றைக்கு அந்த அம்மாள் வீட்டில் மோர் கடைந்துகொண்டிருந்தாள். மகள்களுக்கு மரியாதை செய்யும் தீர்மானம் இந்த அழகில்தான் நிறைவேறியது.

தீர்மானம் போட்டபோது யாருக்கும் உறைக்காத சங்கடம், பலகைகள் வந்து இறங்கியபிறகு உறைத்தது. பலகை இருக்கிறது, வாசல் இருக்கிறது, முடுக்குவதற்கு ஆள் இருக்கிறான்; மகள்கள்தான் இல்லை. தெருவில் பாதி வீட்டுக்கு மேல் பையன்கள் மட்டும். எப்படி இப்படி ஆயிற்று என்று யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்கப் போனால் எல்லார் வீட்டுக் கதையும் டவுனில் ஒரு ஸ்கேன் டாக்டரின் பின்வாசலில் போய்த்தான் முடியும்.

"பலகையை மொட்டையா மாட்ட முடியுமா? உன் எருமை பேரைத் தவிர எதையாவது சொல்லு" என்றார் ரிஸால் சிங். "ராம்மெஹர் வீட்ல செத்துப்போன அத்தை பேரை எழுதியாச்சு. உனக்குத்தான் அக்கா இருக்காளே, அவளும் இந்த வீட்ல பொறந்தவதானே?"

ஜக்பீர் சிரித்துவிட்டான். "பதேரியா? எழுதிக்குங்க தலைவரே. பாவம், அவ பேரும் ஒரு இடத்துல இருந்துட்டுப் போகட்டும்."

பதேரி என்றால் போதும் என்று அர்த்தம். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்ததும் அவள் அப்பா கடவுளுக்கு விட்ட சேதி. முன்னே பிறந்த இரண்டும் பால்குடி மறக்கும் முன்பே போய்விட, போதும் என்று பெயர் வாங்கியவள் மட்டும் பிழைத்துக் கிடந்தாள். அடுத்து ஜக்பீர் பிறந்தான். தெருவுக்கே லட்டு கொடுத்தார்கள்.

முடுக்கும் சத்தம் சுவரில் அதிர்ந்தது. ராஜ்பாலா தீவனத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூத்தவன் பிறந்தபிறகு அவளை இரண்டு முறை அந்தப் பின்வாசலுக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். இரண்டாவது முறை திரும்பி வந்து படுத்த அன்று மாலையே பால் கறக்க மாமியார் எழுப்பினாள். அப்புறம் சின்னவன் பிறந்தான், எல்லாம் சரியாகிவிட்டது என்றார்கள். போன அந்த இரண்டுக்கும் அவள் பெயர் எதுவும் நினைத்து வைத்ததில்லை. இன்றைக்கு வாசலில் ஒருவர் வந்து நின்று பெண் பெயர் கேட்டபோதுதான், நினைத்தாவது வைத்திருக்கலாமே என்று தோன்றியது.

அக்காவின் பெயர் ஜக்பீருக்கு அத்தனை சுலபமாக வாயில் வந்ததற்கு வேறு காரணம் உண்டு. ஊருக்கு வெளியே புதிதாகச் சுற்றுச்சாலை போட்டிருந்தார்கள். அதோடு, வீடு கட்டலாம் என்கிற ஊர்நத்தத்தின் எல்லையை அந்தச் சாலை வரைக்கும் தள்ளிவைத்து உத்தரவும் வந்துவிட்டது. நேற்றுவரை கடுகு விளைந்த நிலமெல்லாம் இன்றைக்கு மனை. ஜக்பீரின் நிலம் சாலை திரும்பும் வளைவில் இருந்தது. கடை கட்டுகிறவர்கள் தேடி வந்து டீ குடித்துவிட்டுப் போனார்கள். சிக்கல் ஒன்றே ஒன்று. அப்பா செத்தபோது ஊர் நிலக் கணக்கு எழுதும் பட்வாரி சட்டப்படி பிள்ளைகள் இருவர் பெயரையும் ஏற்றிவிட்டிருந்தார். கடுகு விதைக்கிறவரைக்கும் யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. விற்க வேண்டுமானால் பதேரி தாசில் அலுவலகத்துக்கு வந்து, தம்பிமேல் உள்ள பாசத்தால் என் பங்கை விட்டுக்கொடுக்கிறேன் என்று சொல்லிக் கட்டைவிரல் வைக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் எல்லா அக்காக்களும் வைப்பார்கள். வைக்காதவளைப் பற்றி யாரும் கேள்விப்பட்டதில்லை.

ஆகவே, மணமான பெண்கள் பிறந்த வீட்டுக்கு வரும் தீஜ் பண்டிகைக்கு, அக்காவுக்குக் கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, ஜக்பீர் தானே மோட்டார் சைக்கிளில் கேவர் இனிப்புப் பொட்டலத்தோடு போய் அவளை அழைத்துவந்தான்.

புருஷனும் போய், பிள்ளையும் இல்லாமல், கொழுந்தன்மார் வீட்டு எருமைகளைப் பார்த்துக்கொண்டு எருமைக் கொட்டகையை ஒட்டிய அறையில் கிடந்தவள் பதேரி. வண்டியை விட்டு இறங்கியவள் வாசலில் நின்றுவிட்டாள்.

"இது என்னடி, நீலமா?"

"பலகை அக்கா. உள்ள வாங்க, வெயில்" என்றாள் ராஜ்பாலா.

"என்ன எழுதியிருக்கு?"

ராஜ்பாலா எட்டாவது வரை படித்தவள். "பதேரி இல்லம்னு எழுதியிருக்கு."

பதேரி செருப்பைக் கழற்றினாள். உள்ளே போகவில்லை. எட்டி, அந்த வெள்ளை எழுத்துகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

"எழுதினது யாரு?"

"பஞ்சாயத்து."

"பஞ்சாயத்தா..." என்று தலையை ஆட்டிக்கொண்டாள்.

அவளுக்குத் தெரிந்த பஞ்சாயத்து என்றைக்கும் விளையாட்டாக ஒன்றைச் சொன்னதில்லை. எந்த ஊருக்குப் பெண் கொடுக்கலாம், எந்த வீட்டோடு தண்ணீர் புழங்கக்கூடாது என்று அது சொன்னால் சொன்னதுதான். அவள் புருஷன் செத்த பதின்மூன்றாம் நாள், அவள் எந்த அறையில் இருப்பது என்று முடிவுசெய்ததும் அந்த ஊர்ப் பஞ்சாயத்துதான். அன்றைக்கு அவள் மறுபேச்சுப் பேசவில்லை. இன்றைக்குப் பிறந்த ஊர்ப் பஞ்சாயத்து அவளுக்கு ஒரு வீட்டை எழுதிவைத்திருக்கிறது. இதற்கும் அவள் மறுபேச்சுப் பேசுவதாக இல்லை. மூட்டையைக் கொண்டுபோய் முன்னறையில் அவிழ்த்தாள். புடவைத் துணியில் சுற்றிய ஒரு பித்தளைச் சொம்பை எடுத்து மாடத்தில் வைத்தாள்.

தீஜ் முடிந்து, திங்கட்கிழமை தாசிலுக்குப் போகலாம் என்று ஜக்பீர் பேச்செடுத்தான்.

"போலாம். அதுக்கப்புறம் என்னை எங்க கொண்டுவிடப்போறே?"

"எங்கன்னா? உன் வீட்லதான்."

"என் வீடு இதுதானே? வாசல்ல எழுதியிருக்கே."

ஜக்பீருக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை. "அது சும்மா போர்டுக்கா. விருதுக்காக மாட்டினது."

"பஞ்சாயத்து எழுதறது என்னைக்கிலேர்ந்துடா சும்மாவாச்சு?"

அவன் ரிஸால் சிங்கிடம் ஓடினான். அவர் மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார். "போர்டு போர்டுதான், பட்டா ஆயிடுமா? ஆனா கலெக்டர் வந்துட்டுப் போறவரைக்கும் அதைத் தொடக்கூடாது. உங்க அக்காளையும் அனுப்பாதே. உயிரோட ஒருத்தி பலகைக்குக் கீழ நிக்கிறது நல்லதுதான், நம்ம தெருவுல அதுக்கே பஞ்சம்."

அப்படியாக, கலெக்டர் வரும்வரை பதேரி தன் வீட்டில் இருந்தாள். விடிந்ததும் வாசல் பெருக்குவாள். பலகையைத் தலைப்பால் துடைப்பாள். போகிற வருகிற பெண்களிடம், "என் பேருதான்" என்று காட்டுவாள். ராஜ்பாலாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இப்போதே உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பாள். அந்த முகத்தைப் பார்த்ததும் ரொட்டி தட்டப் போய்விடுவாள்.

கலெக்டர் வந்தார். கூடவே கார்கள், மாலைகள், போட்டோக்காரர்கள். ரிஸால் சிங் முன்னால் நடந்து பலகைகளைக் காட்டிக்கொண்டே வந்தார். அவர் மனைவிக்கும் அன்றைக்கு ஒரு நாற்காலி கிடைத்திருந்தது. பதேரியைப் பலகைக்குக் கீழே நிறுத்திப் படம் எடுத்தார்கள். கலெக்டர் நல்ல மனிதர், சிரித்த முகம். பக்கத்தில் முக்காட்டோடு நின்ற ராஜ்பாலாவிடம், "உங்களுக்கு எத்தனை குழந்தைங்கம்மா?" என்று கேட்டார்.

"நாலு" என்றாள் ராஜ்பாலா.

ஜக்பீர் திடுக்கிட்டுத் திரும்பினான். "ரெண்டு சார், ரெண்டு பசங்க. இவளுக்குக் கூட்டத்தைப் பார்த்தா பதற்றம்."

"நல்லது, நல்லது" என்று சொல்லிவிட்டுக் கலெக்டர் அடுத்த வீட்டுப் பலகைக்குப் போய்விட்டார். அது ராம்மெஹரின் செத்துப்போன அத்தையுடையது.

கடைசிக் காரின் புழுதி அடங்கும் முன் ஜக்பீர் திருகுளியோடு வந்தான். நாலு திருகையும் கழற்றிப் பலகையை முற்றத்தில் போட்டான். "விருது வந்தாச்சு. நாளைக்குக் காலைல தாசில். தலைவரும் சாட்சிக்கு வர்றார். அங்கேர்ந்து நேரா உன்னை ஊர்ல விட்டுடறேன், மூட்டையைக் கட்டிக்கோ" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனான்.

பதேரி சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நாலு ஓட்டைகள் இருந்தன.

"பஞ்சாயத்து பொய் எழுதுமாடி?"

ராஜ்பாலா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பலகைல எழுதினது பொய்தான் அக்கா. ஆனா உங்க பேரு இன்னொரு இடத்துலயும் இருக்கு. பட்வாரிகிட்ட. சாலை வளைவு நிலத்துல பாதி உங்களுது. அது பொய்யில்ல. இவர் திருகுளி கொண்டுபோய்க் கழட்டவும் முடியாது. நீங்க கைவிரலை வச்சாத்தான் அது கழலும்."

"பாதியா?"

"சரிபாதி. அதுக்குத்தான் கேவர் வாங்கிட்டு வந்தது."

பதேரி மெல்ல, "தம்பிகிட்ட பங்கு கேட்டவளுக்குப் பொறந்த வீடு இல்லாமப் போயிடுமேடி" என்றாள்.

"இப்ப இருக்கா அக்கா?"

பதேரி வேறொன்று கேட்டாள். "நாலுன்னு சொன்னியே கலெக்டர்கிட்ட. அதுல ரெண்டு பொண்ணா?"

ராஜ்பாலா தலையை மட்டும் ஆட்டினாள். பதேரி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஜக்பீர் வெளுத்த சட்டை போட்டு வண்டியை வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தான். ரிஸால் சிங்கும் தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்திருந்தார். யாரும் வெளியே வரவில்லை. இருவரும் உள்ளே போனார்கள். மாட்டு முற்றத்தில் பெண்கள் இரண்டு பேரும் முழங்கை வரை சாணியோடு வரட்டி தட்டிக்கொண்டிருந்தார்கள். நீலப் பலகை தரையில் கவிழ்ந்து கிடந்தது. தட்டின வரட்டியை அதில் வைத்துத்தான் காய்கிற இடத்துக்கு எடுத்துப்போனார்கள்.

"அக்கா, நேரமாச்சு. கையைக் கழுவிட்டு வா."

"கை காலியில்லடா தம்பி" என்றாள் பதேரி, நிமிராமல்.

"இது என்ன கூத்து? தாசில்தார் காத்துட்டிருப்பாரா நமக்காக? சரி, இன்னைக்கு இல்லேன்னா நாளைக்குப் போலாம்."

ராஜ்பாலா எழுந்தாள். ரிஸால் சிங் நிற்பதைப் பார்த்தாள். வழக்கமாக முக்காட்டை இழுத்துவிட வேண்டிய நேரம். அவள் மணிக்கட்டால் அதைப் பின்னுக்குத் தள்ளினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த ஊர் மூத்த ஆண்பிள்ளை யாரும் பார்த்திராத முகத்தில், நெற்றியில் சாணி அப்பியிருந்தது.

"நாளைக்கும் காலியிருக்காது" என்றாள்.

ஜக்பீர் கத்தினான். கையை ஓங்கினான். ரிஸால் சிங்தான் அவன் தோளைப் பிடித்தார். விருது வந்த வாரத்தில் வேண்டாம் என்று நினைத்திருப்பார். அப்புறமும் அவன் பல நாள் கத்தினான். அக்காவின் மூட்டையைத் தெருவில் எறிந்தான். கூடவே அனுப்பிவிடுவேன் என்று ராஜ்பாலாவையும் மிரட்டினான். அவள் முக்காடு திரும்பவும் இறங்கியது, ஆனால் முன்போல் மார்பு வரைக்கும் இல்லை. ஊரில் பெண்கள்கூட பதேரியோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். தம்பி வயிற்றில் அடித்தவள் என்று காது படச் சொன்னார்கள். அதையெல்லாம் கேட்டு அவள் அழாமல் இல்லை. ஆனால் தாசிலுக்குப் போகவில்லை.

இப்போது அவள் வளைவு நிலத்தில் தகரக் கூரை போட்டு, ஒரு எருமையும் வைத்துக்கொண்டு இருக்கிறாள். ராஜ்பாலா சாயங்காலம் ரொட்டி கொண்டுவருவாள். சுற்றுச்சாலையில் போகிற வண்டிகள் எல்லாம் பார்க்கட்டும் என்று ரிஸால் சிங் அந்த இடத்தில்தான் பெரிய விருதுப் பலகையை நட்டிருக்கிறார். மகள்களைப் போற்றும் ஊர் துபேரி உங்களை வரவேற்கிறது என்று அதில் இரண்டு ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கிறது. இடம் யாருடையது என்று அவர் கேட்கவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று இந்தத் தடவை பதேரியும் யாரையும் கேட்கவில்லை. அதன் இரும்புக் கால் உறுதியாக இருக்கிறதா என்று அசைத்துப் பார்த்துவிட்டு, தன் எருமையை அதில் கட்டினாள்.